வீட்டு விளக்குகளை ஸ்மார்ட் ஆக்கினோம்: செலவு எங்கே போனது?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் விளக்கு போட்டதில் எனக்கு முழுத் திருப்தி. யாராவது கேட்டால் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு பல்பு என்ன விலை, வீட்டில் எத்தனை பல்பு, பெருக்கிப் பார் என்று கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். வேலை முடிந்து எல்லா பில்லையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது, பல்புக்குப் போன பணம் மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் சுவரில் இருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் அதைத் திறந்து மூடிய கூலிக்கும் போயிருந்தது.

வீட்டில் நான், என் கணவர், பள்ளிக்குப் போகும் மகள், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுவார். அவர் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் இந்த வேலையையே தொடங்கினோம். போனில் தட்டி விளக்கு நிறத்தை மாற்றும் ஆசை எங்கள் யாருக்கும் பெரிதாக இல்லை. இந்த விமர்சனத்தை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

பல்பை மாற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, ஆப்பில் சேர், முடிந்தது. எலக்ட்ரீசியன் வேண்டாம், சுவரைத் தொட வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் சரி; காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். நான் விசாரித்தவரை, வெள்ளை வெளிச்சம் மட்டும் தரும் வைஃபை பல்பு சாதாரண எல்இடி பல்பைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. நிறம் மாறும் பல்பு, அதிலும் ஹப் (பல்புகளை ரூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வைத்து இயங்கும் பெரிய கம்பெனிப் பல்பு என்றால் பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஹப்புக்குத் தனிக் காசு.

ஹப் இல்லாமலே ஓடுகிறதே, வைஃபை பல்பே போதாதா என்று கேட்கலாம். இரண்டு மூன்று பல்புக்குப் போதும். வைஃபை பல்புகள் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும். வீட்டு ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால், பல்பை முதல்முறை சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் ஒவ்வொரு பல்பும் ரூட்டருக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் மாதிரி தனி இணைப்புதான். வீடு முழுக்கப் போட்டால் சாதாரண ரூட்டர் திணறும். நல்ல ரூட்டர் வாங்கும் செலவை எந்தப் பல்புப் பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஜிக்பீ முறை வேறு. அது வைஃபையைச் சேராத, வீட்டுச் சாதனங்களுக்கான தனி வயர்லெஸ் வழி. 2012-ல் வந்த பிலிப்ஸ் ஹியூ தொடங்கியே இந்த வழியில்தான். ஒரு ஹப் ரூட்டரில் செருகியிருக்கும். பல்புகள் அதனோடும் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளும். கடைசி அறைப் பல்புக்கு ஹப்பின் சிக்னல் நேரடியாக எட்டாவிட்டாலும் நடுவில் இருக்கும் பல்பு வாங்கிக் கடத்தும். ஹியூவின் பழக்கமான சதுர ஹப் ஒன்று சுமார் 50 பல்பு வரை தாங்கும் என்பதால், ஒரு சாதாரண வீட்டுக்கு ஹப் செலவு ஒரே முறைதான். நான்கைந்து இடத்துக்கு மேல் போடப்போகிறீர்கள் என்றால் ஜிக்பீ பக்கம் போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஆனால் எந்தப் பல்பை வாங்கினாலும் ஒரு சங்கடம் போகாது. சுவரில் இருக்கும் பழைய சுவிட்ச் அப்படியேதான் இருக்கும். அம்மா படுக்கப் போகும்போது பழக்கப்படி சுவிட்சை அணைப்பார். அணைத்தால் பல்புக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத பல்பு ஆப்புக்கும் கேட்காது, சென்சாருக்கும் கேட்காது. இரவில் எந்த நேரத்துக்காக அந்தப் பல்பை வாங்கினோமோ, அந்த நேரத்தில் அது வெறும் கண்ணாடி. சுவிட்சின் மேல் டேப் ஒட்டச் சொல்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் வீட்டுச் சுவிட்சைத் தொடாதே என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு வழி, அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன் ஒட்டுவது. நல்ல தீர்வுதான், ஆனால் அறைக்கு ஒன்று என்று வாங்கினால் அதுவே பல்புச் செலவுக்குச் சமமாக வந்து நிற்கிறது.

ஹாலில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு டவுன்லைட், எல்லாம் ஒரே சுவிட்சில். எட்டையும் ஸ்மார்ட் பல்பாக மாற்றினால் எட்டு மடங்குச் செலவு. சுவிட்சுக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்மார்ட் மாட்யூல் (ஆப் சொல்வதைக் கேட்டு விளக்குக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்னக் கருவி) வைத்தால் எட்டும் சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். சுவரில் இருக்கும் சுவிட்சும் எப்போதும்போல் வேலை செய்யும். டவுன்லைட் ஒன்று போய்விட்டால் சாதாரண டவுன்லைட்டே வாங்கிப் போடலாம். அதனால் நீங்கள் கணக்கு எழுத உட்காரும்போது பல்பை விட்டுவிட்டு முதலில் சுவிட்சுகளை எண்ணுங்கள். ஒரு சுவிட்சுக்கு ஒரு பல்பு இருக்கும் இடத்தில் பல்பை மாற்றலாம். ஒரு சுவிட்சில் நான்கைந்து விளக்கு தொங்கும் இடத்தில் மாட்யூல்தான் கட்டுபடியாகும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய செலவு. முதலில் ஸ்மார்ட் வீடு அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். ஆள் வந்தார், அறை அறையாகப் போய் சுவிட்சுகளை எண்ணினார், டேப்லெட்டில் குறித்துக்கொண்டார், கொட்டேஷன் அனுப்பினார். கண்ணாடி டச் பேனல்கள், ஹப், நிறுவும் கூலி, புரோகிராமிங் கட்டணம், ஒவ்வொரு ஒளி அமைப்புக்கும் தனியாக ஒரு தொகை, வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று வரி வரியாக இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வீட்டில் ஒரு சுவிட்ச் போர்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. உள்ளே நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதை வேலை தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், வயரிங் மாற்ற வேண்டியிருந்தால் அது தனி என்று பதில். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்: போர்டைத் திறந்து பார்க்காமல் கொடுக்கும் கொட்டேஷன் வெறும் காகிதம். நாங்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எங்கள் வழக்கமான எலக்ட்ரீசியனையே கூப்பிட்டோம். மெயினை அணைத்துவிட்டு அம்மா அறை போர்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி முன்னால் இழுத்தார். உள்ளே தூசியும் சிமென்ட் பொடியும். இரண்டு ஒயரை விரலால் பிரித்துக் காட்டினார். "அக்கா, இதுல நியூட்ரலே வரலை. ஃபேஸ் வருது, சுவிட்ச்ல இருந்து விளக்குக்குப் போகுது, அவ்ளோதான். நியூட்ரல் மேல சீலிங்லயே விளக்குக்குப் போயிருச்சு" என்றார்.

பழைய வீடுகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். சாதாரண சுவிட்ச், ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் ஒயரை, வெட்டி ஒட்டும் கருவி மட்டுமே. அதற்கு நியூட்ரல் தேவையே இல்லை. ஸ்மார்ட் சுவிட்ச் அப்படி இல்லை. அதற்குள் ஒரு சின்ன ரேடியோ இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் சுற்றி வர நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாட்யூலும் விற்கிறார்கள். அது விளக்கின் வழியாகவே ஒரு துளி கரண்டைக் கசியவிட்டு உயிர்வாழும். பழைய குண்டு பல்பில் அது தெரியாது. 5 வாட், 7 வாட் எல்இடியில் தெரியும்: அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும், அல்லது விட்டுவிட்டுக் கண் சிமிட்டும். அதற்கு பைபாஸ் என்று ஒரு சின்னக் கெப்பாசிட்டரை விளக்குப் பக்கம் இணைக்க வேண்டும். அம்மா தூங்கும் அறையில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று நியூட்ரல் இழுக்கவே சொன்னோம்.

நல்லவேளை, அம்மா அறையில் பைப்புக்குள் இன்னொரு ஒயர் நுழைய இடம் இருந்தது. ஸ்பிரிங் விட்டு இழுத்துவிட்டார். ஹாலில் பிளக் பாயின்ட்டும் அதே போர்டில் இருந்ததால் நியூட்ரல் ஏற்கனவே இருந்தது. மகள் அறையில்தான் மாட்டிக்கொண்டோம். பைப் வளைவில் அடைப்பு. சுவரை நீளமாகக் கொத்தி, புதுப் பைப் வைத்து, பூசி, காய்ந்த பிறகு பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு அறைக்குக் கொத்தனாருக்கும் பெயின்ட்டருக்கும் கொடுத்தது, வீட்டில் வாங்கிய எல்லா மாட்யூல்களின் விலையையும் தாண்டியது. பக்கத்துப் போர்டில் இருந்து நியூட்ரலை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரே சர்க்யூட்டாக இருந்தால் மட்டும்தான் அது சரி. வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இரவல் வாங்கினால் கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். ஒரு சர்க்யூட்டை அணைத்துவிட்டு வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெட்டியின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். மாட்யூல் ஒரு தீப்பெட்டி அளவுதான். ஆனால் சுவிட்சுக்குப் பின்னால் ஏற்கனவே ஒயர் சுருண்டு கிடக்கும் பெட்டியில் அந்தத் தீப்பெட்டிக்கும் இடம் இருக்காது. அழுத்தித் திணித்தால் ஒயர் நசுங்கும், சூடு வெளியேறாது. இரண்டு இடத்தில் ஆழமான பெட்டி வைக்க வேண்டியிருந்தது. அதற்கும் கொத்து வேலை.

மாட்யூல் வாங்கும்போது அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். எல்இடி லோடுக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர், விளக்கு எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். எட்டு டவுன்லைட் சேர்ந்து இழுத்தால் மாட்யூலில் கரண்டை வெட்டி ஒட்டும் ரிலே மலிவானதாக இருந்தால் அதன் உள்ளே இருக்கும் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் அணைத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஹாலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் விலையில் நல்ல ரிலே போட்டோம். அந்தக் கூடுதல் செலவு வீண் இல்லை.

சரி, கரண்ட் பில் குறையுமா? எல்லாரும் கேட்கும் கேள்வி. குறையும் என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி போட்டால் கிடைக்கும் மிச்சம் உண்மையானது, பெரியது. தினம் 4 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 74 யூனிட் வரை மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைச் சாதாரண எல்இடியே கொடுத்துவிட்டது. அதை ஸ்மார்ட் ஆக்குவதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் கரண்ட் குடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் இதற்கு அரை வாட் என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த அரை வாட்டையே எடுத்துக்கொள்வோம். 9 வாட் பல்பு தினம் 4 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குச் சுமார் 13 யூனிட். மீதி 20 மணி நேரம் அரை வாட்டில் காத்திருந்தால் இன்னொரு மூன்றரை யூனிட்டுக்கு மேல். அதாவது, ஸ்மார்ட் ஆக்கியதால் அந்தப் பல்பை நீங்கள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவாக எரித்தால்தான் பழைய பில்லுக்கே வந்து சேர்வீர்கள். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம். வீட்டில் இப்படி 20 பல்பு இருந்தால், சும்மா காத்திருப்பதற்கே வருடத்துக்கு 70 யூனிட்டுக்கு மேல் போகும்.

எங்களுக்கு உண்மையில் மிச்சம் தந்தது வாசல் விளக்கு மட்டும்தான். முன்பு அது மாலை முதல் காலை வரை 12 மணி நேரம் எரியும். வருடத்துக்குச் சுமார் 39 யூனிட். இப்போது ஆள் வந்தால் மட்டும் எரிகிறது. எல்லாம் சேர்த்து ஒரு இரவில் ஒரு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், காத்திருக்கும் கரண்டையும் சேர்த்து 8 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். நீண்ட நேரம் யாருமில்லாமல் எரியும் விளக்கு உங்கள் வீட்டில் இருந்தால் அதில் தொடங்குங்கள். மற்றபடி, கரண்ட் பில்லில் போட்ட காசு திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் அவரை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, இத்தனை செலவும் எதற்காகத் தகும் என்பதைச் சொல்கிறேன்.

அம்மாவின் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இரண்டு மோஷன் சென்சார் வைத்தோம். பேட்டரியில் ஓடுபவை, ஒயர் கிடையாது, வீட்டிலேயே மிகக் குறைந்த செலவில் வந்த பொருள் அதுதான். முதலாவது கட்டிலின் கால் பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். உடம்புச் சூடு குறுக்கே நகர்ந்தால்தான் இந்த வகைச் சென்சாருக்கு நன்றாகத் தெரியும். நேராக அதை நோக்கி நடந்தால் கண்டுபிடிக்கத் தாமதிக்கும். அதனால் நடக்கும் வழிக்குப் பக்கவாட்டில் ஒட்டினோம். படுக்கையில் புரண்டால் எரியாது. காலைத் தரையில் ஊன்றியதும் எரியும்.

எரியும் என்றால் பளிச்சென்று இல்லை. இரவு பத்துக்கு மேல் பத்து சதவீத வெளிச்சம், 2700 கெல்வின் மஞ்சள். தூக்கம் கலையாது, கால் வைக்கும் இடம் தெரியும். அம்மா பாத்ரூம் வாசலை எட்டும்போது இரண்டாவது சென்சார் உள் விளக்கை ஏற்றும். திரும்பி வந்து படுத்ததும் மூன்று நிமிடத்தில் எல்லாம் தானாக அணையும். அம்மா சுவரைத் தடவுவதில்லை. "லைட்டு எனக்காகவே முழிச்சிட்டிருக்குடி" என்று மகளிடம் சொன்னார். இந்த ஒரு இடத்துக்காக மட்டும் மொத்தச் செலவையும் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

இதில் பல்பின் தரம் முக்கியம். மலிவான ஸ்மார்ட் பல்பு சிலவற்றில் ஆப்பில் பத்து சதவீதம் என்று வைத்தாலும் அறை நன்றாகவே வெளிச்சமாக இருக்கும்; சிலவற்றில் குறைக்கக் குறைக்கத் துடிப்பு வரும். போன் கேமராவை அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்கு உடனே தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி கொடுக்கும். நிறம் மாறும் பல்பு மகள் அறைக்கு ஒன்று வாங்கினோம். அடர்ந்த நீலம், சிவப்பு வைத்தால் வெளிச்சம் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, படிக்க ஆகாது. அதே விலைக்கு, மஞ்சளில் இருந்து பகல் வெள்ளை வரை மாறும் பல்பு இரண்டு வாங்கியிருந்தால் அவளுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

கடைசியாக, பில்லில் வராத ஒரு செலவு. கம்பெனி கைவிட்டால் என்ன ஆகும்? இது கற்பனைப் பயம் இல்லை. ரிவோல்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு ஹப் 2016-ல் நிறுத்தப்பட்டது, வாங்கி வைத்தவர்கள் கையில் வெறும் பெட்டிதான் மிஞ்சியது. ஆஸ்ராம் கம்பெனியின் லைட்டிஃபை ஸ்மார்ட் விளக்குகளுக்கான சர்வர்கள் 2021-ல் மூடப்பட்டன. இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனி 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்தது. பிறகு வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து வாங்கி உயிர்கொடுத்தார்கள். இந்தக் காரணத்தால்தான் இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் சாதனங்களை மட்டும் வாங்கினோம். வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தரநிலை இந்த விஷயத்தில் நல்ல முன்னேற்றம். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாரும் அதை ஏற்றிருக்கிறார்கள், கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகும். ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு சின்னக் கணினியில் போட்டும் எல்லாவற்றையும் ஓட்டலாம். என் கணவர் அதைத்தான் செய்தார். அதில் காசு மிச்சம், ஆனால் விடுமுறை நாட்கள் பல அதில் போயின. அப்படி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் ஒரே கம்பெனியின் ஹப்போடு நிறுத்திக்கொள்வது மேல்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ரூட்டரின் இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டால் இது எரியுமா? கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். வாங்கி வந்த அன்றே வீட்டிலும் செய்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

மாடிப்படி விளக்கு மட்டும் இன்னும் பழையபடியே இருக்கிறது. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்ற டூ-வே வயரிங். இரண்டு போர்டிலும் நியூட்ரல் இல்லை, நடுச்சுவரில் பைப் எங்கே போகிறது என்று எலக்ட்ரீசியனுக்கும் தெரியவில்லை. அந்தச் சுவரைக் கொத்துவதற்கு அவர் சொன்ன தொகைக்கு ஹாலையே இன்னொரு முறை செய்யலாம். அடுத்து வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எப்படியும் பட்டி பார்ப்பார்கள், அப்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அதுவரைக்கும் படியின் இரண்டு முனையிலும் பேட்டரி சென்சார் விளக்கு ஒவ்வொன்று ஒட்டியிருக்கிறோம்.